ரப்பர் பொட்டலம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றே முக்கால். எழுத்து கோழி கிண்டினது மாதிரி இருந்தால் அது என் தூக்கத்தின் கையெழுத்து, என்னுடையது இல்லை. உன் மாமாவுக்கு இந்த மாதம் முழுக்கப் பத்திரிகை ஆபீசில் இரவு வேலை. அவர் அங்கே ஊருக்கெல்லாம் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருக்கிறார். நான் இங்கே உன் மருமகளின் தூக்கத்துக்குக் காவல்.

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? போன வருஷத்து இருமல் போய்விட்டதா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். "நலம்" என்று ஒரே சொல்லில் கழித்துக்கட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பொட்டலத்துக்கு இரண்டரை மாதம் ஆகிறது. அவளுக்கு நீளமான பெயர் ஒன்று சான்றிதழில் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தபோது உன் மாமா, "என்ன, பொட்டலம் மாதிரி இருக்கா" என்றார். அதுவே ஒட்டிக்கொண்டது. உன்னை ஒல்லி என்று சொல்லப் போய் "ஊசி" என்றே நிலைத்துவிட்டதே, அந்த மாதிரி.

அம்மா எல்லோரிடமும் "என் பிள்ளை வெளிநாட்டுல பெயிண்ட் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். படிக்கப் போனவன் பேய்ப் படத்துக்கு ரத்தம் கலக்குகிற பட்டறையில் பகுதிநேர வேலை பார்க்கிறான் என்பதை நான் மூச்சு விடவில்லை. பெயிண்டும் சிவப்புதானே, பெரிய பொய் இல்லை.

நேற்று ஒரு சாதனை. முதல் தடவையாகப் பொட்டலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மட்டும் தனியாக முப்பத்தாறு படி இறங்கித் தபால் பெட்டி வரை போய்வந்தேன். திரும்பி ஏறும்போது யாரோ படியில் தண்ணீர் சிந்தியிருந்தார்கள். கால் லேசாக வழுக்கியது. ஒன்றும் ஆகவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை.

சிணுங்குகிறாள், போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். அந்தப் படத்தைப் பற்றி விவரமாக எழுது.

அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்ட வரிசையிலேயே பதில். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன், பாதி நாள் சவப்பெட்டியில். மதியத்துக்கு மேல் பட்டறையில் காலியாக இருக்கிற ஒரே படுக்கை அதுதான். இருமல் போய்விட்டது. நீயும் மாமாவும் பொட்டலமும் எப்படி இருக்கிறீர்கள்? நீ தூங்குவதாகத் தெரியவில்லையே.

படத்தின் பெயரை நம் மொழியில் சொன்னால் "சவக்கிடங்கில் சனிக்கிழமை". ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் இருக்கிற பிணங்கள் எழுந்து, "வாரக் கடைசிக்கு வீட்டுக்குப் போகணும், விடு" என்று அடம் பிடிக்கின்றன. காவலாளி தனியாள். திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் வருகிற வரைக்கும் அவற்றை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் கதை. அதற்குள் நாற்பத்தொரு கை, பதினொரு தலை, எண்ண முடியாத குடல்.

ரத்தம் என் பொறுப்பு. சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், கொஞ்சம் காபித் தூள், ஒரே ஒரு சொட்டு நீலம். நீலம் விடாவிட்டால் பார்க்கப் பழரசம் மாதிரி இருக்கும், யாரும் பயப்பட மாட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர். சர்க்கரை என்றால் எறும்பு வருமா வராதா? ரசாயனம் படித்த எனக்கே தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஒன்பது பிணங்களை வரிசையாகப் படுக்க வைத்துக் கேமரா ஓடுகிறது. டைரக்டர் "அசையாதே, மூச்சு விடாதே" என்கிறார். நாலாவது பிணம் "ஐயோ, உள்ளே போயிருச்சு!" என்று கத்திக்கொண்டு எழுந்து, தொடையைச் சொறிந்தபடி வாசலைப் பார்க்க ஓடிவிட்டது. டைரக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நல்லாத்தானே இருக்கு, அப்படியே வெச்சுக்கலாம்" என்றார். இப்போது படத்தில் எல்லாப் பிணமும் சொறிந்துகொண்டேதான் எழுந்திருக்கின்றன.

பொட்டலத்தின் படம் அனுப்பு. முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பட்டறைச் சுவர் முழுக்க வெட்டின தலைகள்தான். நடுவில் ஒரு நல்ல முகம் வேண்டும்.

ஒழுங்காகத் தூங்கு.

ஊசி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சவப்பெட்டியில் படுக்காதே, விளையாட்டாகக்கூட வேண்டாம்.

எறும்பு கடித்த பிணத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கை பாதியிலேயே நிற்க அப்படியே சிரித்தார்.

நீ கேட்ட இரண்டு படமும் இத்துடன் இருக்கின்றன. அவர்தான் எடுத்தார். பாயில் படுத்துக்கொண்டு எவ்வளவு அதிகாரமாகப் பார்க்கிறாள் பார். இடது காது மடல் லேசாக மடங்கியிருக்கும், அது உன் காது.

எனக்கு இடது முழங்காலில் ஒரு வலி. பெரிதாக ஒன்றும் இல்லை, படி இறங்க ஏறத்தான் முடியவில்லை. கீழ்வீட்டு நர்ஸம்மா தடுப்பூசிக்கு அவரே பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்வந்தார். கடிதத்தை உன் மாமா போட்டுவிடுவார். வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன். கத்தி, அரிவாள்மணை எல்லாம் பரணில். குளிர்காற்று வருகிறது என்று பால்கனியைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கட்டுமா? அந்தக் கை அறுந்து விழுவதை எப்படிச் செய்கிறீர்கள்? நிஜக் கை அப்போது எங்கே இருக்கும்? தலைக்குள் என்ன வைப்பீர்கள்? ஒன்றுவிடாமல் எழுது. படிக்கிறபோது என்னவோ நிம்மதியாக இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினாயா? பொட்டலத்தின் அதிகாரம் இங்கே கொடிகட்டிப் பறக்கிறது. பட்டறையில் நுழைகிற ஒவ்வொருவனும் அவளுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறான்.

நிஜக் கை முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். தோளிலிருந்து தொங்குவது ரப்பர். அக்குளில் ஒரு குழாய். அது தரை வரைக்கும் இறங்கிக் கட்டிலுக்கு அடியில் வரும். கட்டிலுக்கு அடியில் யார்? உன் தம்பி. "வெட்டு" என்று சத்தம் கேட்டதும் பம்பை அமுக்க வேண்டும். முதல் தடவை ஆர்வக்கோளாறில் ஏறி அமுக்கிவிட்டேன். டைரக்டரின் மூக்குக் கண்ணாடி, கேமரா, கூரை, கூரையில் இருந்த விசிறி எல்லாம் சிவப்பு. விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது.

தலைக்குள் மைதாக் கஞ்சி, சிவப்புச் சாயம் கொஞ்சம். கண், மேசைப்பந்து. குடல் வேறொன்றும் இல்லை, பெண்களின் காலுறைக்குள் பஞ்சு அடைத்தது.

இங்கே எல்லோரும் பயப்படுவது பேய்க்கு இல்லை, கன்டினியூட்டி அம்மாவுக்கு. ஒரு காட்சியைத் துண்டு துண்டாக எடுப்பார்கள் இல்லையா, போன துண்டில் சட்டையில் எத்தனை சொட்டு ரத்தம் இருந்ததோ அத்தனையே இந்தத் துண்டிலும் இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு நோட்டுப் புத்தகம், கழுத்தில் பென்சில். என்னிடம் சொன்னார்: "முன்னாடி இருந்தது இப்ப எங்கே போச்சு? அதை மட்டும் பாரு. மீதியெல்லாம் அவங்க சொல்ற கதை."

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ஊசி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

காலுறைக் குடலை நாலு தடவை படித்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பொட்டலம் குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறாள். நான் தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அதுதான் வசதி.

ஒரு சந்தேகம். இப்படியெல்லாம் யோசிக்கிறவர்கள் நிஜத்தில் எப்படிப்பட்டவர்கள்? அந்தக் கதையை எழுதினவரை எடுத்துக்கொள். உட்கார்ந்த இடத்தில் அவருக்கு அறுந்த கையும் உடைந்த தலையும் கண்ணுக்குத் தெரிகிறதே, அவரை நம்பி யாராவது ஒரு குழந்தையைக் கையில் கொடுப்பார்களா? சும்மாத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 21

அக்கா, அக்கா, அக்கா!

எல்லோரும் நலம்தானே? நானும் நலம். நீ கேட்டதற்கெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், இப்போது கை பரபரக்கிறது.

ரகசியத்தை உடைத்துவிடுகிறேன். படத்தில் காவலாளிக்கு ஒரு கைக்குழந்தை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிணம் அதைக் கடித்துவிடும், அதுவும் பேயாகிவிடும். அதற்கு ஒரு ரப்பர் குழந்தை வேண்டும். பட்டறைப் பெரியவர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். முதல் முதலாக ஒரு முழு உருவம், நானே!

ஒன்பது நாள் ஆனது. நீ அனுப்பின இரண்டு படத்தையும் கண்ணுக்கு நேராக ஒட்டிக்கொண்டு செய்தேன். மணிக்கட்டில் அந்த மடிப்பு, கன்னம், மடங்கின இடது காது, எதையும் விடவில்லை. அப்படியே பொட்டலம். இங்கே எல்லோரும் அதைப் பொட்டலம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இந்த ஊர் நாக்குக்கு "ட" வரவே வராது, கேட்டால் சிரிப்பாய்.

அடுத்த வாரம் பெரிய காட்சி. ஆஸ்பத்திரிப் படிக்கட்டின் உச்சியிலிருந்து காவலாளியின் கை தவறி அது உருண்டு விழ வேண்டும். இருபத்துநாலு படி. உன் பெண் வெளிநாட்டு சினிமாவில், அக்கா! அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

ஊசி

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

நலம். நீ நலமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, அடுத்தவர் எழுதினதில் குறி போட்டுத்தான் பழக்கம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

உன் ஏப்ரல் கடிதமும் மே மாதக் கடிதமும் வந்தன. ஏப்ரல் கடிதத்தை உன் அக்கா அடுப்படியில் நின்றபடி படித்தாள். மடித்தாள். கூடத்தில் மாட்டியிருந்த குழந்தை படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். "என்ன எழுதியிருக்கான்?" என்றேன். "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கானாம்" என்றாள். மே கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை.

பெரிய டாக்டரை வீட்டுக்கே வரவழைத்து முழங்காலைக் காட்டினோம். முழங்காலில் ஒன்றும் இல்லை என்கிறார். ஆனால் நான்கு மாதமாக அவள் கீழே இறங்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டச் சொல்கிறாள். ஒரு பக்கத்தில் பிழை இருந்தால் தூரத்திலிருந்தே எனக்கு உறுத்தும். வீட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியவில்லை.

நீ என்ன எழுதினாய்? தப்பாகக் கேட்கவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

மாமா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று வழக்கம்போல் கேட்க முடியவில்லை. நீ நலம் இல்லை.

மாமாவின் கடிதம் வந்த அன்று உன் கடிதங்களையெல்லாம் பட்டறை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். கன்டினியூட்டி அம்மா நோட்டை வைத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

ஜனவரியில் நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினாய். தண்ணீர், வழுக்கல், "ஒன்றும் ஆகவில்லை." அதை இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். பிப்ரவரியில் முழங்கால். கத்தி பரணுக்குப் போகிறது. பால்கனிக்குப் பூட்டு, சாவி மாமாவிடம். தடுப்பூசிக்கு நர்ஸம்மா. போட்டோவில் அவள் பாயில் தனியாக, ஓரத்தில் உன் விரல்கூட இல்லை. ஏப்ரலில் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில்தான். முன்னாடி இருந்தது இப்போது எங்கே போயிற்று என்று பார்த்தால், ஒன்றே ஒன்றுதான் காணாமல் போயிருக்கிறது. உன் கையில் பொட்டலம்.

அப்புறம் ஏப்ரலில் நீ கேட்ட அந்தக் கேள்வி. சும்மா கேட்கவில்லை, இல்லையா? ரப்பர் குழந்தையைப் பற்றிப் பீற்றிக்கொள்கிற அவசரத்தில் நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அதோடு, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் குழந்தையின் முகத்தை எடுத்துப் படியில் உருட்டியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

என்ன தெரிகிறது உனக்கு? என்னிடம் சொல். நான் தினமும் அறுந்த கையோடு சாப்பிடுகிறவன். நீ எதைச் சொன்னாலும் அரண்டுபோக மாட்டேன்.

ஊசி

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்துவிட்டாய். பகலிலேயே எழுதுகிறேன். பொட்டலம் எதிரே பாயில் தன் கால் கட்டைவிரலைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ஜனவரியில் கால் வழுக்கியது அரை அங்குலம்கூட இருக்காது. நிஜமாகவே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் படுத்துக் கண்ணை மூடினதும் அதே படி வந்தது. இந்தத் தடவை கால் வழுக்கவில்லை. நானே கையை விட்டேன்.

உருளுவதை முப்பத்தாறு படியும் எண்ணினேன். கணக்குப் படித்த புத்தி, அங்கேயும் எண்ணுகிறது. அதிலிருந்து படி, பால்கனி, கத்தி, கொதிக்கிற தண்ணீர், எதைப் பார்த்தாலும் அடுத்த நொடி அவளோடு சேர்த்துத் தெரிகிறது. செய்கிறவள் நான்தான். எனக்கு அதில் விருப்பம் இல்லை, சத்தியமாக இல்லை. பிறகு ஏன் எனக்குத் தெரிய வேண்டும்? உன் படத்தில் வருகிற மாதிரி எனக்குள்ளும் யாராவது எழுந்து உட்கார்ந்திருக்கிறாளா?

அதனால்தான் அவளைத் தூக்குவதில்லை. பால் கொடுக்கும்போதும் தரையில், சுவரில் சாய்ந்து, மடியில் தலையணை வைத்துத்தான். உன் மாமாவிடம் சொன்னால் பயந்துவிடுவார். இவளிடம் குழந்தையை விடக்கூடாது என்று யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அதுதான் சரி என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் ரத்தக் கதைகளை ஏன் அப்படிப் படித்தேன் என்று இப்போது புரிகிறதா? ஒவ்வொன்றுக்கும் உள்ளே குழாய் இருந்தது, பஞ்சு இருந்தது. படிக்கிற நேரத்துக்கு எதுவும் நிஜம் இல்லாமல் இருந்தது. அப்போது பார்த்து ஏப்ரல் கடிதம் வந்தது. என் தலைக்குள் நீ எட்டிப் பார்த்து, அங்கே இருந்ததை ரப்பரில் செய்து எனக்கே காட்டின மாதிரி இருந்தது. உன்மேல் கோபம் இல்லை. பயம்.

நீ நன்றாக இரு.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அரண்டுபோகவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு முகம் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அந்தக் காட்சி எடுத்த நாளை உனக்குச் சொல்ல வேண்டும். உச்சிப் படியிலிருந்து ரப்பர் பொட்டலத்தைப் போட வேண்டியது, படப்பிடிப்புச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற எங்கள் பொருள்காரர். ஆறடிக்கு மேல் ஆள். முந்தின நாள்தான் பதினொரு தலையையும் பந்து மாதிரி வீசினவர். அதைக் கையில் வாங்கினார். கழுத்துக்கு அடியில் தானாக உள்ளங்கை போயிற்று. நின்றார். "ரப்பர்தான்னு தெரியுது. முடியலப்பா" என்று விளக்குக்காரரிடம் கொடுத்தார். அவரும் தலையைத் தாங்கித்தான் வாங்கினார். அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். ஏழு பேர் கை மாறிற்று அக்கா, ஏழு பேரும் கழுத்தைப் பிடித்துத்தான் வாங்கினார்கள். உள்ளே பஞ்சு என்று தெரிந்த நானும்தான்.

கடைசியில் கதை எழுதினவர் எழுந்து வந்தார். "கொடுங்க, இது என்னோடதுதான்" என்று வாங்கிப் போட்டார்.

மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இது உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்றேன். ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார்: "என் பையன் பிறந்தப்போ ஒரு வருஷம் இதைத் தவிர வேற எதுவும் எனக்குத் தோணல. எந்நேரமும் அவனை நானே போடுற மாதிரி தெரியும். நாலு மாசம் அவனை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்து உட்கார்ந்துதான் படி இறங்கினேன். கால்சட்டை அத்தனையும் பின்னாடி தேய்ஞ்சு கிழிஞ்சு போச்சு. பொண்டாட்டி கேட்டா, முதுகு வலின்னு சொல்லிட்டேன்." அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அப்பாவையே தூக்கிக்கொண்டு படியேறுவானாம்.

நீ ஏப்ரலில் கேட்டதற்கு இதுதான் பதில். அவரிடம் குழந்தையைக் கொடுப்பார்களா என்றால், நான் கொடுப்பேன். முதலில் அவரிடம்தான் கொடுப்பேன்.

ஆனால் நான் ரத்தம் கலக்குகிறவன், மருந்து கலக்குகிறவன் இல்லை. கீழ்வீட்டு நர்ஸம்மாவிடம் சொல். எனக்கு எழுதினதை அப்படியே சொல். மாமாவிடமும் நீயேதான் சொல்ல வேண்டும், நான் முந்திக்கொள்ள மாட்டேன். ஏழு மாதம் யாருக்கும் தெரியாமல் அவளைக் காப்பாற்றி வைத்திருக்கிறாய், உன்னிடமிருந்தே. இனி ஆள் சேர்த்துக்கொள்.

படத்தின் வீடியோ கேசட் இத்துடன் வருகிறது. அந்தக் காட்சி ஒரு மணி ஐந்தாவது நிமிஷத்தில். பார்க்க வேண்டாம் என்றால் பரணில் கத்திகளோடு வைத்துவிடு.

சாப்பிடு. தூங்கு. தனித்தனியாகத்தான் கேட்கிறேன்.

ஊசி

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். இரண்டு மாத்திரையின் புண்ணியத்தில் தூங்குகிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் வந்த மறுநாள் நர்ஸம்மா மேலே வந்தார். அன்று பொட்டலம் என் மடியில் இருந்தாள், தலையணைமேல். சொன்னேன். சொல்லும்போது அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீண்டதென்றால் நான் செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். நீளவில்லை தம்பி. பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "என் ரெண்டாவதுக்கு எனக்குக் கத்தியைக் கண்டா ஆகாது. ஆறு மாசம் வீட்டுல காய் நறுக்கினது அவர்தான். யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன், நானே நர்ஸு" என்றார். பிறகு, "வா, எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தர் இருக்காங்க, நாளைக்கே போவோம்" என்றார்.

படியில் பொட்டலத்தை நர்ஸம்மா தூக்கிக்கொண்டார். டாக்டரம்மா பதறவில்லை. எத்தனையோ தாய்மார்களுக்கு வருகிறதாம், வெளியே சொல்வதுதான் குறைவாம். வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்.

உன் மாமாவிடமும் சொன்னேன். "ஏழு மாசமா இதைத் தனியாவா திருத்திட்டிருந்தே?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கதவை வெளியே பூட்டுவதில்லை.

படம் பார்த்தோம். போன ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், டெக் வாடகைக்கு எடுத்து, நாங்களும் நர்ஸம்மாவும். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "என்ன இது, ரத்தம் பாகு மாதிரி இழுக்குது? இந்தப் பிணத்துக்கு நாடி துடிக்குதே, கழுத்தைப் பாருங்க. ஐயோ, இவனுக்குக் குடல் ரெண்டு ஆள் குடல்." உன் மாமா எழுத்து ஓடும்போது அந்த மொழியிலும் ஒரு பிழை கண்டுபிடித்துவிட்டார். சொறிகிற பிணம் வந்ததும் நான் கைதட்டினேன். அறுந்த கை தரையில் ஓடும்போது கயிறு தெரிகிறது, அதுவும் வெள்ளைக் கயிறு. உங்கள் டைரக்டருக்கு ஒரு கறுப்புக் கயிறு கிடைக்கவில்லையா? கிடைத்தாலும் மாற்ற வேண்டாம் என்று சொல். அந்தக் கயிற்றுக்காகவே எனக்கு அந்தக் கை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரு மணி ஐந்தாவது நிமிஷம். உன் மாமா, "நிறுத்திரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன். காவலாளியின் கை தவறியது. எண்ணினேன். ஒவ்வொரு படிக்கும் கீச், கீச் என்று சத்தம். இருபத்துநாலு. கீழே அசையாமல் கிடந்தது. அப்புறம் அது எழுந்து உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பியிருந்த தலையை இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கம் திருப்பி, மேலே நிற்கிற அப்பாவைப் பார்த்துக் கையைத் தட்டிச் சிரித்தது. இன்னொரு தடவை வேண்டுமாம்! தானாகவே தவழ்ந்து ஏறிப் போய் மறுபடி உருண்டது. மூன்றாவது தடவை காவலாளி தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் சிரித்தேன் தம்பி. கண்ணீர் வர, விலா வலிக்கச் சிரித்தேன். கடைசியாக எப்போது சிரித்தேன் என்று நினைவில்லை. நான் குலுங்கின குலுக்கலில் நம் பொட்டலமும் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். என் கை இரண்டும் அவளைச் சுற்றித்தான் இருந்தது. படம் முடிந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

மறுநாள் உங்கள் எழுத்தாளரின் வழியில் இறங்கினேன். பொட்டலத்தை மடியில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து, நர்ஸம்மா முன்னால், உன் மாமா பின்னால். மேல்வீட்டுக்காரர் ஏறி வந்தவர், "என்னம்மா ஆச்சு?" என்றார். "முழங்கால் வலி" என்றேன். பின்னால் உன் மாமா சிரிப்பை அடக்குவது கேட்டது. பதினேழாவது படியில் அது வந்தது. வழக்கம்போல் நான் கையை விட்டேன், வழக்கம்போல் அவள் உருண்டாள். ஆனால் ஒரு மாற்றம். கீச், கீச் என்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அது போயிற்று. மீதிப் பத்தொன்பது படியும் இறங்கினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் கதை விட மாட்டேன், நீ கன்டினியூட்டி பார்ப்பாய். பரணிலிருந்து சின்னக் கத்தி மட்டும்தான் இறங்கியிருக்கிறது. பால்கனிச் சாவி இன்னும் அவரிடம்தான். ஆனால் இந்தக் கடிதத்தை நாளைக்கு நானேதான் போடப் போகிறேன், நின்றபடியே இறங்கி, அவளையும் தூக்கிக்கொண்டு. உறையின் ஓரம் கசங்கியிருந்தால் அவள் கடித்ததாக வைத்துக்கொள்.

ஒன்றே ஒன்று. அந்த ரப்பர் பொட்டலம் இப்போது எங்கே இருக்கிறாள்? படம் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்களா? கண்டபடி பெட்டிக்குள் திணித்து மேலே அறுந்த கைகளை அடுக்கியிருந்தால் முதலில் வெளியே எடு. எடுக்கும்போது கழுத்துக்குக் கீழே கை கொடுத்து எடு. முடிந்தால் எனக்கு அனுப்பிவை, இங்கே பாயில் இன்னொருத்திக்கு இடம் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

அக்கா